பார்த்தாச்சு, நன்னாருக்கு

'பார்த்தாச்சு' என்று சொல்கிறவர்களில் ஒரு சாரார் உண்மையிலேயே பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எண்ணிக்கையும் குறைவு. நான் சொல்ல வந்தது மற்றவர்களைப் பற்றி. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பிழை பார்த்தாச்சு என்று அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, எழுநூறு பத்திரிகையும் ஊர் போய்ச் சேர்ந்தபின் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'சௌபாக்கியவதி' இருப்பதைக் கண்டு அதிர்ச்சி அடைகிறாரே, அவர், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போன மாத நடவடிக்கைக் குறிப்பை "படித்ததாகக் கொள்ளலாம்" என்று முதல் ஆளாகக் கை தூக்குகிறாரே, அவர், பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே "எந்த வகுப்புடா நீ?" என்று கேட்கிறாரே, சாட்சாத் அவரேதான். உங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்படி எத்தனை பேர்? எண்ண வேண்டாம், பொழுது போய்விடும். எனக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயர் ஆனந்தகிருஷ்ணன். வீடு வலியசாலை அக்ரகாரத்தில்; வேலை கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில். நாற்பத்தாறு வயது, நெற்றியில் சந்தனக் கீற்று, கழுத்தில் அலுவலக அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு சம்மதம். நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவன் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பான். அவனுக்கு அதில் லாபம் உண்டு. நல்லவருக்குத்தான் அடுத்தவர் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. நான் அதே அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயனர் கையேடு எழுதுகிறேன். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதால் எனக்கு வேடிக்கை பார்க்க நிறைய நேரம் கிடைக்கிறது.

மருத்துவ மையங்களுக்கான மென்பொருள்தான் எங்கள் தொழில். யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்குச் சிகிச்சை, எந்த இயந்திரம் காலி, யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் நிரல் பார்த்துக்கொள்ளும். நிரலை யார் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் ரிவ்யூ. ஒருவர் எழுதிய நிரலை வேறு இருவர் வரி வரியாகப் படித்து, சந்தேகம் இருந்தால் கேட்டு, பிழை இருந்தால் சொல்லி, எல்லாம் சரி என்றால் ஒரு பச்சை அடையாளம் போட வேண்டும். இரண்டு பச்சை விழுந்தால்தான் நிரல் வெளியே போகும். ஏற்பாடு அருமையானது. ஒரே குறை, அதில் படிக்கிற வேலை இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு இந்த விதி வந்த புதிதில் எங்கள் குழுவில் ஒருவரும் ரிவ்யூ செய்யவில்லை. நிரல்கள் பச்சைக்காகக் காத்துக் கிடந்தன. அப்போது வெகுண்டு எழுந்தவர் ஆனந்தகிருஷ்ணன். டீம் லீட் அல்லவா? ரிவ்யூ ஒரு பண்பாடு என்றார். பழக்கம் ஆக வேண்டும் என்றார். 'படி, கேள், பிறகு பச்சை காட்டு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார். சுவரில் ஓர் அட்டவணை மாட்டி, பச்சை போடுகிறவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டினார். வாரத்தில் அதிக நட்சத்திரம் வாங்கியவருக்கு வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ். சிப்ஸுக்கு இருக்கும் சக்தி தத்துவத்துக்கு ஏது? ஆறே வாரத்தில் நூற்றுக்கு நூறு. எழுதிய நிரல் சூடு ஆறுவதற்குள் இரண்டு பச்சை வாங்கிக்கொண்டு வெளியே ஓடியது. எப்படி என்று மேலிடம் கேட்கவில்லை. நூறு என்று வந்தபின் எப்படி என்று கேட்பது நாகரிகமா?

எப்படி என்று நான் சொல்கிறேன். காலையில் அலுவலகப் பேருந்தைப் பிடிக்கும் முன் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பது ஆனந்தகிருஷ்ணனின் வழக்கம். இடது கையில் தேங்காய், வலது கையில் கைபேசி. வரிசை நகர நகர, வலது கையின் கட்டைவிரல் ஒவ்வொரு நிரலாகத் தள்ளி, ஒவ்வொன்றின் கீழும் 'பார்த்தாச்சு, நன்னாருக்கு' என்று போட்டுப் பச்சையைத் தட்டும். ஏழெட்டு முடியும்போது சந்நிதி வந்துவிடும். தேங்காயை ஓங்கி அடிப்பார். மிச்சப் பிழைகள் பிள்ளையார் பொறுப்பு. பத்துக்கு ஒரு தடவை மட்டும், சந்தேகம் வராமல் இருக்க, 'இங்கே ஓர் இடைவெளி அதிகம்' என்று எழுதுவார். எழுதியவரும் பதறிப்போய் இடைவெளியை எடுத்துவிட்டு, என்ன கூர்மை இந்த மனுஷருக்கு என்று வியப்பார்.

இரண்டாவது பச்சை நவநீதுடையது. கெட்டிக்கார இளைஞன்; மலையாளத்தில் படித்து, ஆங்கிலத்தில் வேலை செய்து, எங்களோடு மட்டும் தமிழ் மாதிரி ஒன்று பேசுவான். ஒரு நாள் அவனிடம் கேட்டேன், இதையெல்லாம் நிஜமாகவே படிக்கிறாயா என்று.

"ஆனந்தகிருஷ்ணன் சார் பார்த்து கழிஞ்சதல்லே? பின்னே நான் என்ன பார்க்கணும்?" என்றான்.

ஆனந்தகிருஷ்ணனிடமும் கேட்டேன்.

"நவநீத் எப்படியும் பார்த்துடுவானாக்கும். அவன் கண்ணுக்குத் தப்புமோ?" என்றார்.

இரண்டு பேர் பார்க்கும் ஏற்பாட்டில் உள்ள வசதி இதுதான். ஒருவர்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் வந்து மாட்டினாள் ஜெபமலர். குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மையம் ஒன்று வித்துரா பக்கம் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஏதாவது ஒரு நாள் மையத்தை அடைக்க நேர்ந்தால், அன்றைய நோயாளிகளை நிரலே வேறு நாளுக்கு மாற்றி, அதுவே செய்தியும் அனுப்ப வேண்டும். ஜெபமலர் எழுதினாள். எழுதிவிட்டு அடியில் ஒரு குறிப்பும் போட்டாள்: 'மையம் அடைப்பு என்றால் அடுத்த காலி நாளுக்குத் தள்ளியிருக்கிறேன். இது நோயாளிகளுக்குச் சரிப்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.'

கேள்வியைக் கவனித்தீர்களா? தெளிவான தமிழ், ஒரு மயக்கமும் இல்லை. அதற்கு ஆனந்தகிருஷ்ணன் அளித்த பதில், மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்த ஒரு கட்டைவிரல் படம். நவநீத் அளித்த பதில் இரண்டு கட்டைவிரல்.

ஒரு வியாழக்கிழமை காலை. அன்று பதினொரு மணிக்குப் பெரிய அரங்கில் எல்லாக் குழுக்களுக்கும் முன்னால் ஆனந்தகிருஷ்ணன் பேசுவதாக இருந்தது. தலைப்பு, 'ரிவ்யூவில் நூற்றுக்கு நூறு எடுத்தது எப்படி'. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் காட்ட வேண்டிய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கை ஒழியாததால் ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தார். எனக்கும் கேட்டது.

"ஹலோ, டயாலிசிஸ் ஆபீஸுங்களா?"

"இல்லையே. ராங் நம்பராக்கும்."

"மெசேஜுக்கு அடியில இந்த நம்பர்தானே போட்டிருக்கு? சம்சயம் இருந்தா விளிக்கச் சொல்லி."

அது எப்படி வந்தது என்கிறீர்களா? சோதனைக்காக நவநீத் தன் டீம் லீடின் எண்ணைச் செய்தியின் அடியில் போட்டிருந்தான். எடுக்க மறந்துவிட்டான். அந்த நிரலையும் நம்மவர் தேங்காய் வரிசையில் நின்று பார்த்தாச்சு.

"என் பேரு வேலப்பன் சார். வித்துரா. முன்ன ஜீப் ஓட்டினேன், இப்ப இதான் வேலை, வாரம் மூணு தடவை. திங்கள், புதன், வெள்ளி. நேத்து பண்ணியாச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, தண்ணி சுத்தம் பண்ற மிஷினுக்கு ஃபில்டர் மாத்தறாங்க, அடைப்புன்னு இப்ப மெசேஜு. அது சரி. அடுத்த தடவை திங்கள்னு போட்டிருக்கே?"

"ஆமா, அப்போ திங்கக்கிழமை வாங்கோ. ஒண்ணும் யோசிக்க வேண்டாம். ரெண்டு பேர் பார்த்த விஷயமாக்கும் இது, தப்பே வராது."

"ரெண்டு பேர் பாத்தாங்களா?" என்றது அந்தக் குரல். கேலி இல்லை, ஆச்சரியம்தான். "அப்ப அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க சார். திங்கள் எனக்கு எப்பவும் உள்ளதுதானே? அப்ப வெள்ளி எங்க போச்சு? இன்னைக்கு வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாளு. எனக்கு மூத்திரம் போகாது சார். குடிக்கிற வெள்ளமெல்லாம் எங்க போய் நிக்கும்? நெஞ்சுலதான் வந்து முட்டும். போன வருஷம் எங்ககூட வந்த ஒருத்தர் கல்யாணத்துக்குப் போறேன்னு ஒரு தடவை விட்டாரு. ஆளு இப்ப இல்ல. நான் மெசேஜை மூணு மட்டம் வாசிச்சு, விரல்ல எண்ணிப் பாத்துட்டுத்தான் விளிக்கேன்."

ஆனந்தகிருஷ்ணனின் முகத்தில் இருந்த சம்மதம் போய்விட்டது. "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு, நான் பார்க்க முதன்முறையாக, நிரலைத் திறந்தார். பதினான்கு வரி. விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்ந்தார். வெள்ளி அடைப்பு, சனிக்கிழமை எல்லா இயந்திரத்திலும் ஆள், ஞாயிறு விடுமுறை, ஆகவே அடுத்த காலி நாள் திங்கள்; அன்று அவர்களுக்கே ஏற்கெனவே இடம் இருப்பதால் நிரலுக்கு அதுவும் காலிதான். நிரல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. விரல் கீழே வந்தது. ஜெபமலரின் கேள்வி. அதன் அடியில் மஞ்சள் கட்டைவிரல். பக்கத்தில் அவர் பெயர்.

"ஜெபமலர்!"

ஓடி வந்தாள். திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியது. "நான் கேட்டிருந்தேனே சார். அடியில எழுதியிருந்தேன். நீங்க விரல் வச்சிய. அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் திரும்ப அழைப்பதாக வேலப்பனிடம் சொல்லி வைத்துவிட்டு, மையத்தின் எண்ணைத் தேடினார். 

மையத்தின் பொறுப்பு நர்ஸ் மீராவை அழைத்தார்கள். "முன்னாடியெல்லாம் நாங்களே ஒவ்வொருத்தரா விளிச்சுச் சொல்லுவோம் சார்," என்றாள் மீரா. "புதுசா உங்க சாஃப்ட்வேர் வந்ததுக்கு அப்புறம், அதுவே பாத்துக்கும்னு விட்டுட்டோம்." வெள்ளிக்கிழமை நோயாளிகள் ஒன்பது பேர். இன்றே நாலு மணிக்கு ஒரு கூடுதல் ஷிஃப்ட் போட முடியும், அத்தனை பேரையும் அதற்குள் வரவழைத்தால் என்றாள். ஜெபமலர், நவநீத், ஆனந்தகிருஷ்ணன் மூவரும் பெயரைப் பிரித்துக்கொண்டு அழைத்தார்கள். பதினொரு மணிக்குள் எட்டுப் பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் கிடைக்கவில்லை. சொர்ணம்மாள், வயது அறுபத்திரண்டு. கைபேசி அணைந்தே கிடந்தது.

மறுபடியும் வேலப்பனுக்கு அழைப்பு. "அந்த அம்மாவா? மேல எஸ்டேட் லயத்துல இருக்கு. அங்க டவர் கிடையாது. கீழ இறங்கினாத்தான் மெசேஜே வரும். நாளைக்கு இறங்கி வந்து, பூட்டைப் பாத்துட்டுத் திரும்பப் போயிரும்."

பெரிய அரங்கிலிருந்து ஆள் வந்து, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றான். ஆனந்தகிருஷ்ணன் அவனைத் தாண்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். போகிற வழியில் நவநீதின் கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நானும் ஏறிக்கொண்டேன். கையேடு எழுதுகிறவர் ஒரு நாள் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

நெடுமங்காடு வழியாக வித்துரா. சந்தை முக்கில் சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியும் கையில் சின்னக் குப்பி நிறையத் தண்ணீருமாக ஒல்லியாக ஒருவர் நின்றார்; வழி காட்ட வந்த வேலப்பன். அந்தக் குப்பிதான் அவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அளவு. ஏறி உட்கார்ந்ததும் வழி சொல்ல ஆரம்பித்தார். இடையிடையே சாலையோரப் பலகைகளை எல்லாம் உரக்க வாசித்தார்: வனத்துறை எச்சரிக்கை, பந்தல் சாமான் வாடகைக்கு, ஆனை கடக்கும் இடம். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்:

"சாருக்கு ஆபீஸுல என்ன வேலை?"

"மத்தவா எழுதினதைப் படிச்சுப் பார்த்து, சரியா தப்பான்னு சொல்றது."

"நல்ல வேலைதான்," என்றார் வேலப்பன். சற்றுப் பொறுத்து, "படிப்பீங்களா?" என்றார்.

அதற்குப்பின் மலை ஏறும்வரை ஆனந்தகிருஷ்ணன் பாதையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பாதை அந்த லட்சணம். ஒவ்வொரு பள்ளத்திலும் நவநீதின் கார் அடிவயிற்றிலிருந்து அலறியது.

லயம் என்பது ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகள்; அதன் வாசலில் சொர்ணம்மாள் சாக்கு விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் இப்போதே வீங்கியிருந்தன. வேலப்பன் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் அசையவில்லை.

"எனக்கு வெள்ளிதானே மொற? வெள்ளிக்கு வாரேன்."

"வெள்ளி பூட்டியிருக்கும்மா. இன்னைக்கு விட்டா அப்புறம் திங்கள்தான்."

"யாரு சொன்னா?"

ஆனந்தகிருஷ்ணன் முன்னால் வந்தார். வியர்வையில் சந்தனக் கீற்று கரைந்து புதுச் சட்டையில் இறங்கியிருந்தது. "நான்தாம்மா சொல்றேன். தப்பு என்னோடது. ஒரு விஷயத்தைப் பார்க்காமலே பார்த்தாச்சுன்னு எழுதிட்டேன். அதான் உங்களுக்கெல்லாம் நாள் மாறிப்போச்சு."

"எதைப் பாக்காம?"

நிரல் என்றால் அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது? தடுமாறினார். "ஒரு... ஒரு காயிதம்னு வச்சுக்கோங்கோ."

சொர்ணம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு காயிதத்துக்காகவா இம்புட்டு மலை ஏறி வந்தீரு? அங்க இருக்கும்போதே பாத்திருக்கப்படாதா?" என்று சொல்லிவிட்டு, மிளகின் மேல் இன்னொரு சாக்கைப் போர்த்தி, மாற்றுச் சேலை எடுக்க உள்ளே போனாள்.

நாலு பத்துக்கு மையத்தில் இருந்தோம். மீரா வாசலிலேயே நின்றிருந்தாள். ஒன்பது நாற்காலியும் நிறைந்தன. இயந்திரங்கள் சுற்றத் தொடங்கின. ஆனந்தகிருஷ்ணன் வெளியே மரப் பெஞ்சில் சாய்ந்தார். சாய்ந்த அரை நிமிடத்தில் கைபேசி சிணுங்கியது. ஜெபமலர் திருத்திய நிரலை அனுப்பியிருந்தாள், ரிவ்யூ கேட்டு. அடைப்பு என்றால் இனி முதலில் முந்தின நாளுக்கு மாற்றிப் பார்க்கும்.

அடுத்து நடந்ததை என் இரு கண்ணால் பார்த்தேன். அந்தக் கட்டைவிரல் தானாகவே எழுந்து பச்சையை நோக்கிப் போனது. இரண்டு வருடப் பயிற்சி! பொத்தானுக்கு ஒரு நூலிழை மேலே நின்றது. பிறகு, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல அவர் கையை எடுத்துக்கொண்டார். என் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இருபது வரி. நாற்பது நிமிடம் ஆயிற்று. உதடு அசையப் படித்தார், நடுவில் விரல் விட்டு எண்ணினார், முதலிலிருந்து மறுபடி படித்தார். முடிவில் ஜெபமலரை அழைத்து இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி அசட்டுக் கேள்வி. பதில் மூன்றாம் வரியிலேயே இருந்தது. இரண்டாவது கேள்வி இது:

"முந்தின நாளும் அடைப்பா இருந்தா என்னாகும்?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அத நான் யோசிக்கல்ல சார்," என்றாள். குரலில் பயம் இல்லை. ஒரு சந்தோஷம் இருந்தது. எட்டு மாதத்தில் அவள் எழுதியதை ஒருவர் படித்தது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் திருந்தி இன்புற்று வாழ்ந்தார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் நடந்தது வேறு. மறுவாரத்திலிருந்து தினமும் பதினொரு மணிக்கு ஆனந்தகிருஷ்ணன், நவநீத், ஜெபமலர் மூவரும் சின்ன அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் நிரலை உரக்கப் படிக்கிறார்கள். சுவரிலிருந்த அட்டவணையை ஆனந்தகிருஷ்ணன் கழற்றிவிட்டார், சிப்ஸும் நின்றது. நூறு, நாற்பதாக இறங்கியது. மேலிடம் பதறிப்போய், ரிவ்யூ பண்பாடு உங்கள் குழுவில் ஏன் இப்படிச் சீரழிந்தது என்று விளக்கம் கேட்டது. அவர் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். 'பார்த்தோம், நன்று' என்று பதில் வந்தது, இரண்டே நிமிடத்தில். அந்த ஆண்டின் விருது ஐந்தாம் மாடியில் உள்ள ஒரு குழுவுக்குப் போயிற்று. அங்கே எந்த நிரலுக்கும் ஆறு விநாடியில் பச்சை விழுகிறதாம். நவநீத் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டான். இப்போது ஒரு வரிக்குப் பதினேழு கேள்வி கேட்கிறான். அது வேறு இனம், அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.

இதை எழுதி முடித்ததும், ஊரறிந்த வாசகர் ஒருவருக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொன்னேன். படிக்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: 'பிரமாதம். நம்ம ஊர் சமையலை இவ்வளவு நகைச்சுவையாக யாரும் எழுதியதில்லை.' தேங்காய், மிளகு, சிப்ஸ் என்று எங்கெங்கோ கண்ணில் பட்டிருக்கிறது போலும். கோபித்துக்கொண்டு என்ன பயன்?

நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். வரி விடாமல் படித்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நடுவில் நாலைந்து பத்தியைக் கண்ணால் தடவிக்கொண்டு, முடிவு எப்படி என்று பார்க்க மட்டும் இறங்கி வந்தவர்கள் ஒருவேளை யாராவது இருந்தால், அவர்கள் வெட்கப்பட வேண்டாம்; விரலால் திரையைக் கீழே இழுத்தால் போதும், அந்தப் பத்திகள் அங்கேயேதான் இருக்கின்றன. அதற்குப் பொழுதில்லை என்றால் வழக்கம்போல ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போங்கள். நானும் நீங்கள் படித்ததாகவே கொள்கிறேன்.